ஆகாயத்தாமரையை மீனுக்குப் போட்ட அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை
மன்னார்குடி பக்கம் மாமாவின் மீன்குட்டை. கட்லா, ரோகு, மிர்கால், கூடக் கொஞ்சம் புல் கெண்டை. புண்ணாக்கு விலை தாங்கவில்லை. மேட்டூர் தண்ணீரோடு வந்து மதகில் அடைந்த ஆகாயத்தாமரையை வேரோடு அள்ளி வந்து குட்டையில் இறக்கினார். மேகமூட்டமான ஒரு நாள், விடியுமுன் டார்ச் அடித்தால் கரையோரம் முழுக்க மீன் வாய்கள். கட்லாவெல்லாம் மேலே வந்து காற்றை விழுங்குகின்றன, கையால் தொட்டாலும் விலகவில்லை. அழுகிய தழை ராத்திரியோடு ராத்திரியாக ஆக்ஸிஜனை உறிஞ்சிவிட்டது. மோட்டார் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிட்டோம். பாதிதான் பிழைத்தது. அந்த வாய்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

குடமுருட்டி
தம்பி, செடியைக் குறை சொல்லாதீர்கள், போட்ட விதம்தான் தப்பு. செடி தின்னும் புல் கெண்டைக்கே, தண்ணீருக்குள் வளரும் வேலம்பாசி இருந்தால் ஆகாயத்தாமரை இரண்டாம் பட்சம்தான். கட்லா அதைக் கடிக்கவே கடிக்காது. எங்கள் வீட்டில் இலையை மட்டும் பொடியாக நறுக்கி, வெல்லப்பாகும் தயிரும் கலந்து டிரம்மில் மூடி வைத்தோம். திறந்தபோது இட்லி மாவு போலப் புளித்த வாசனை. தவிடு, கடலைப் புண்ணாக்கோடு பிசைந்து உருண்டையாகத் தட்டில் வைத்து இறக்கினோம். சாயங்காலம் தட்டைத் தூக்கிய அப்பா, "துடைச்சு வெச்சிருக்குடா!" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது.

ஓடம்போக்கி
டவுன் சாக்கடை கலக்கும் வடிகாலிலிருந்து ஒருவர் வண்டி வண்டியாக இதை மீன்குட்டைக்கு ஏற்றுவதைத் திருவாரூரில் பார்த்தேன். கேட்டதற்கு, "சும்மா கிடைக்குதுல்ல" என்றார். அதனால் சொல்கிறேன். ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் இந்தச் செடி இழுத்து வைத்துக்கொள்ளும், அதிகமாக வேரில். சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்ததைத் தொடவே வேண்டாம். நல்ல தண்ணீர்ச் செடியானாலும் வேரை வெட்டி எறியுங்கள். அப்புறம், நூறு கிலோ அள்ளினால் தொண்ணூறு கிலோவுக்கு மேல் தண்ணீர்தான், வெட்டுக்கூலியையும் கணக்கில் சேருங்கள். நார்ச்சத்து அதிகம், புளிக்க வைத்தாலும் புண்ணாக்கில் ஒரு பங்கைத்தான் குறைக்கலாம். முழுத்தீவனம் ஆகாது. அள்ளும்போது நெய்வேலிக் காட்டாமணக்கு கலந்துவிடாமல் பாருங்கள், அது ஆடுமாட்டுக்கே விஷம். ஆகாயத்தாமரை உயிரோடு ஒரு துண்டு குட்டையில் விழுந்தாலும் போதும், இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். விதை சேற்றில் வருஷக்கணக்காகக் கிடந்து முளைக்கும். அதனால் கரையிலேயே நறுக்குங்கள்.

வெண்ணாற்றங்கரை
குடமுருட்டி அண்ணே, விதம் தப்பு என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த விதத்தைச் சொல்லித்தர எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லையே. மாமா கடன் வாங்கி மறுபடி குஞ்சு விடப்போகிறார். டிரம்மில் எத்தனை நாள் வைத்தீர்கள், வெல்லப்பாகு எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.