அதிரீனலில் கட்டி என்று ரிப்போட்டில் வந்தால்

மட்டக்களப்பிலிருந்து:
சுவாசப்பைப் புற்றுநோய்க்காரருக்கு அதிரீனலில் (சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி) கட்டி என்று சிடி ரிப்போட்டில் வந்த உடனே, பரவிவிட்டது என்று மனதை விட்டுவிடாதீர்கள். அந்தச் சுரப்பியில் புற்றுநோயில்லாத கொழுப்புக் கட்டியும் சாதாரணமாக வரும். படத்துக்கான சாயமருந்து ஏற்றாமல் எடுத்த சிடியில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்குள் (சிடியில் அடர்த்தி அளக்கும் அலகு), ஒரே சீராக இருந்தால் அநேகமாக அதுதான். அதற்கு மேலே என்றால் பெட் ஸ்கேன் (சீனி போன்ற மருந்தை ஏற்றிப் புற்றுநோய் இருக்குமிடத்தைத் தேடும் படம்). அதற்காக மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் வழியில் நிற்கும் கடையில் பிளேன்டீ குடித்துவிடுவார்கள். சீனி உள்ளே போனால் படம் பழுதாகும். ஸ்கேனுக்கு முதல் ஆறு மணித்தியாலம் வெறுந்தண்ணீர் மட்டும்தான்.

ஊசியால் சதை எடுக்க முதல், மெட்டாநெஃப்ரின் சோதனை செய்தாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள். கட்டி ஃபியோகுரோமோசைட்டோமாவாக (பிரஷரை ஏற்றும் ஹோர்மோனைச் சுரக்கும் கட்டி; அந்தச் சோதனை இதைக் கண்டுபிடிக்கத்தான்) இருந்து ஊசி பட்டால் பிரஷர் ஒரேயடியாக ஏறும், உயிருக்கே ஆபத்து.

அக்கரைப்பற்றிலிருந்து:
அண்ணன் சொன்னதோடு இதையும் சேருங்கள். பரவியது அந்த ஓரிடம் மட்டும், மூளையும் ஈரலும் எலும்பும் சுத்தம் என்றால், சுரப்பியை வெட்டியெடுப்பதா, குறிவைத்துக் கதிர் கொடுப்பதா என்று கேட்கலாம். சதை கொஞ்சமாக வந்தால் ஜீன் சோதனைக்குப் போதாது, அதை முதலே சொல்லிவையுங்கள். ஈஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் மாற்றம் இருந்தால் நாளைக்கு ஒரு ஒசிமெர்டினிப் 80 மில்லிகிராம் குளிசை கொடுப்பார்கள். பெமெட்ரெக்செட் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுவதானால் ஃபோலிக் அமிலமும் பீ12 ஊசியும் ஒரு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும்.

காத்தான்குடியிலிருந்து:
இரண்டு பக்கச் சுரப்பியும் பழுதானால், அவை சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் குறையும். ஆள் சோர்ந்து, வாந்தியெடுத்து, எழும்பினால் தலைசுற்றும். மருந்தேற்றிய களைப்பு என்று எல்லாரும் விட்டுவிடுகிறோம். உள்ளங்கை ரேகையும் முரசும் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருந்தால் காலை 8 மணிக் கோர்ட்டிசோல் கேளுங்கள். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் எடுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்குப் பிழைக்கும், லேபுக்கு முதலே சொல்ல வேண்டும்.

குறைவென்று தெரிந்தால், அதை ஈடுகட்டும் ஸ்டீரொயிட்டான ஹைட்ரோகோர்ட்டிசோன் நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்றாகப் பிரித்து. முதற்குளிசை கண் விழித்ததும். ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தியில் குளிசை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசி, வைத்தியசாலையில் உடனே. நோன்பு பிடிக்க நினைத்தால் ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் 'ஸ்டீரொயிட் எடுக்கிறார், நிறுத்த வேண்டாம்' என்று பெரிதாக எழுதி வையுங்கள். இரவில் வாட்டில் இருப்பவர் முதலில் புரட்டுவது அதைத்தான்.