முன் பிரேக் நிஜமாகவே மோசமா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

மேட்டூர் வண்டிக்காரன்:
வண்டி 2020 மாடல், 150 சிசி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). போன மாதம் முன் பிரேக் பேட் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) தேய்ந்துவிட்டது என்று மாற்றினேன், அதிலிருந்து லிவரை அழுத்தினால் பஞ்சைப் பிசைவது போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பனின் 200 சிசியை ஓட்டிப் பார்த்தேன், ஒரு விரல் வைத்தாலே சடக்கென்று பிடிக்கிறது. அவன் என் வண்டியை ஒரு ரவுண்டு அடித்துவிட்டு "இதில் பிரேக்கே இல்லையேடா" என்கிறான். ஆனால் இத்தனை வருஷமாக தினமும் சேலம் போய் வருகிறேன், எங்கேயும் இடித்ததில்லை. உண்மையைச் சொன்னால் நான் பெரும்பாலும் பின் பிரேக்தான், முன்னால் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று அப்பா ஏற்றிவிட்ட பயம். பெரிய டிஸ்க் போடலாமா, பிரேக் ஆயில் போகும் குழாயை ஸ்டீல் ஹோஸாக மாற்றலாமா?

கிரீஸ் கை:
முதலில் காசை உள்ளே வையுங்கள். பஞ்சு மாதிரி என்றால் ஆயில் லைனில் காற்று இருக்கலாம், ப்ளீட் பண்ணி அதை வெளியேற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? டப்பா வழியாகப் பாருங்கள், கடுங்காப்பி நிறத்தில் இருந்தால் முழுசாக மாற்றிவிடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய சமாச்சாரம், நம் ஆட்கள் வண்டியை விற்கும்வரை தொடுவதில்லை. அப்புறம் புது பேட் டிஸ்க்கோடு படிந்து வர வேண்டும். ஆளில்லாத ரோட்டில் 50-க்குப் போய் 10 வரை குறையுங்கள், முழுசாக நிறுத்தாமல் பதினைந்து, இருபது தடவை. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்கில் தெறிக்கவிடுகிறவர்களும் உண்டு, அந்தப் பேட்டை எவ்வளவு தேய்த்தாலும் தேறாது.

கணக்கு வாத்தி:
தம்பி, நீங்களும் உங்கள் நண்பரும் பார்த்தது விரலுக்கு எப்படி இருக்கிறது என்பதை. வண்டி எத்தனை அடியில் நின்றது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. லிவர் கல் மாதிரி இருந்தாலும் பிரேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, லிவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெரிதாக இருந்தாலே லிவர் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் அதே அழுத்தம் கிடைக்கக் கையால் இன்னும் பலமாக அழுத்த வேண்டும். டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் கடைசியில் வண்டியை நிறுத்துவது டயர். உங்கள் பிரேக் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால் பெரிய டிஸ்க் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்தால் 60-இல் இருந்து நிற்க ஏறக்குறைய 20 மீட்டர். சுதாரிக்க ஒரு நொடி ஆனால் அதற்கு முன்பே 16 மீட்டருக்கு மேல் போயிருக்கும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்ந்துவிடும், பின் சக்கரம் லேசாகிவிடும். அதனால் வெறும் பின் பிரேக்கை நம்பினால் சறுக்கத்தான் செய்யும். உங்கள் அப்பா காலத்து வண்டியில் ஏபிஎஸ் இல்லை, 125 சிசிக்கு மேல் புது வண்டிகளுக்கு அது கட்டாயமானதே 2019 ஏப்ரலில்தான். 40-இல் ஒரு மரத்தடியில் பிடித்து, நின்ற இடம்வரை நடந்து காலடி எண்ணிப் பாருங்கள். இரண்டு வண்டியிலும்.

எழுபது வளைவு:
வாத்தியார் சொல்வது ஊருக்குள் சரி, மலைக்கு வேறு கதை. கொல்லிமலை இறங்கும்போது எழுபது கொண்டை ஊசியில் பாதி தாண்டியிருப்பேன், முன் லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. கீழ் கியரில் வராமல் வழி முழுக்க பிரேக்கிலேயே வந்தது என் தப்பு, மாற்றாத ஆயிலும் சேர்ந்துகொண்டது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் குடித்த பிறகு அது 155-ஆகிவிடும். கொதித்தால் லைனில் ஆவி, அழுத்தம் போய்விடும். அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருந்தேன், ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல பிரேக் திரும்பி வந்தது. காலையில் மரத்தடியில் சோதித்திருந்தால் எல்லாம் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மேட்டூர் வண்டிக்காரன்:
ஆயில் கடுங்காப்பியேதான். மாற்றி ப்ளீட் பண்ணியாயிற்று, பஞ்சு போய்விட்டது. இன்று விடியற்காலை 40-இல் பார்த்தோம். என் பழக்கப்படி பின் பிரேக் மட்டும்: 24 காலடி, கொஞ்சம் கோணலாக வேறு நின்றது. இரண்டும் சேர்த்து: 13. நண்பனின் வண்டி: 12. அவன் மூன்று தடவை திரும்ப எண்ணினான், இப்போது என் கால் நீளம் என்கிறான்.