பழைய பேஸ்பால் ரேடியோ வர்ணனை: காதை விட்டுப் போகாத இடம் எது?

வால்வுசெட்:
1965 செப்டம்பர் 9, டாட்ஜர் ஸ்டேடியம், பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸின் பெர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் தொட விடாத ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பேட்டர் ஹார்வி கீன் கடைசிப் பந்தைக் கோட்டை விட்டதும் வர்ணனையாளர் வின் ஸ்கல்லி ஒதுங்கிக்கொள்கிறார். 38 விநாடி, வெறும் கூட்டத்தின் ஆரவாரம். பிறகுதான் மணி 9:46 என்கிறார். மென்பொருளால் டேப் இரைச்சலை நீக்கி 'சுத்தம் செய்த' ஃபைல் ஒன்றில் அந்த ஆரவாரம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. உயிரே அங்கேதான்! டேப் இரைச்சலும் கூட்ட இரைச்சலும் எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடப்பதால் மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றே. எதை நீக்க வேண்டும் என்று மென்பொருளுக்குக் காட்டும் இரைச்சல் மாதிரியை மைதானச் சத்தத்திலிருந்து எடுக்கவே கூடாது. வர்ணனைக்கு முன் வெறும் டேப் ஓடும் அரை விநாடி போதும். 6 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள்.

காந்தநாடா:
இரைச்சலை மட்டும் சொன்னால் எப்படி சார், டேப் ஓடும் வேகம்? 1951 அக்டோபர் 3, பாபி தாம்சனின் ஹோம்ரன். வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸின் அந்த வர்ணனை மிஞ்சியதே ஒரு ரசிகர் வீட்டு ரெக்கார்டரில் பிடித்து வைத்ததால்தான். ஹாட்ஜஸ் தொண்டை கிழியக் கத்தும் இடத்தில் பிரதிக்குப் பிரதி சுருதி மாறுகிறது. காதை நம்பாதீர்கள், ஹம்மைப் பாருங்கள், அதாவது பதிவில் கலந்த மின்சார முனகலை. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஒலியை அதிர்வெண்வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் ஹம் 61.5-இல் நின்றால் 2.5 சதவீதம் வேகம் கூடுதல்; 60-ஐ 61.5-ஆல் வகுத்து, வரும் 0.976 மடங்குக்கு வேகத்தைக் குறையுங்கள். சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும், டெம்போவை மட்டும் தொடாதீர்கள். ஸ்பெக்ட்ரத்தின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் எஃப்.எஃப்.டி. அளவை 65536 வையுங்கள், சிறியதில் இந்த வித்தியாசம் தெரியாது. இங்கே ஓட்டிப் பதிந்ததென்றால் சரியாக 50-இல் இன்னொரு கோடு நிற்கும். அது நம் வீட்டு மின்சாரம், கணக்கில் சேர்க்காதீர்கள்.

மீடியம்வேவ்:
கூட்டம்தான் உயிர் என்பதை ஏற்க மாட்டேன். 1930-களில் டெ மாயின் நகரின் டபிள்யூ.எச்.ஓ. வானொலி நிலையத்தில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரேகன் சிகாகோ கப்ஸ் ஆட்டங்களைத் மைதானத்திலிருந்து வரும் தந்திச் சுருக்கத்தை வைத்தே ஸ்டூடியோவில் உட்கார்ந்து வர்ணித்தார். தந்தி நின்றபோது பேட்டரை ஃபவுலுக்கு மேல் ஃபவுல் (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடிக்க வைத்துச் சமாளித்ததை அவரே சொல்லியிருக்கிறார். குரல் ஒன்றே மைதானத்தைக் கட்டி எழுப்பியது. அப்படிப்பட்ட ஸ்டூடியோ ஆட்டத்தை அடையாளம் காண்பது எளிது. நேரடி ஒலிபரப்பில் கூட்டம் முதலில் எழும், வர்ணனையாளர் பின்னால் ஓடி வருவார். ஸ்டூடியோவில் அவர் சொன்ன பிறகுதான் கூட்டம் எழும். மட்டைச் சத்தமும் எல்லா அடிக்கும் ஒரே மாதிரி, மரத்தில் தட்டியதுதானே.

இன்னொன்று. யாருக்காவது 16 அங்குல லாக்கர் தட்டு (அலுமினியத்தின் மேல் லாக்கர் பூசிய பழைய ஒலிப்பதிவுத் தட்டு) கிடைத்தால் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். மேலே படியும் வெள்ளைப் பொடி பூஞ்சை இல்லை, பூச்சில் கலந்த விளக்கெண்ணெய் சிதைந்து கசியும் கொழுப்பு அமிலம். அது கசியக் கசியப் பூச்சு சுருங்கி அலுமினியத்தை விட்டு உரியும். விரிசல் தெரிந்தால் ஊசியே வைக்க வேண்டாம். உள்ளிருந்து வெளியே ஓடும் தட்டுகளும் உண்டு, லேபிளைப் பாருங்கள். முதல் ஓட்டத்திலேயே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்துவிடுங்கள். ஆல்கஹாலால் துடைக்கவே கூடாது, பூச்சு கெட்டுவிடும்.