புதுப்பிப்பு: காது கேளாத தம்பி மகனுக்கு வேலை
ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி முடித்த, காது கேளாத என் தம்பி மகனுக்கு வேலை தேடும் வழியைக் கேட்டு முன்பு எழுதியிருந்தேன். பலரும் அரசுத் தேர்வுகளையே பரிந்துரைத்தீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டைச் செவித்திறன் குறைந்தோருக்கு வைத்திருப்பது உண்மைதான். தனியாருக்கோ அந்தக் கட்டாயம் இல்லை; பணியாளரில் 5 விழுக்காட்டினரேனும் மாற்றுத்திறனாளிகளாக இருக்க, அரசு தன் நிதி வசதிக்கேற்ப ஊக்கச்சலுகை அளிக்கும் என்பதோடு 35ஆம் பிரிவு நின்றுவிடுகிறது.

இருந்தும் அவனுக்கு வேலை கிடைத்தது ஓசூரில் ஒரு தனியார் பட்டறையில்தான். நேர்காணலுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேட்டபோது தயங்கிய மேலாளர், வரைபடத்தையும் அரத்தையும் கொடுத்து ஒரு துண்டைச் செய்து காட்டச் சொன்னார். பேச்சைவிட அதுவே நியாயமான நேர்காணல் என்பேன். இயந்திரங்களின் எச்சரிக்கை ஒலியோடு விளக்கும் எரியும்படி அமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விளக்குகளை அமைக்கும் பணி இன்னும் முடியவில்லை.