புதுப்பிப்பு: சிங்கப்பூர் ஃபார்முலா ஒன் வார இறுதி, தங்குமிடமும் இருக்கையும்

மரீனா பே இரவுப் பந்தயத்துக்கு எங்கே தங்குவது, எந்த இருக்கையை வாங்குவது என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. லிட்டில் இந்தியாவில் தங்கச் சொன்ன யோசனையே கைகொடுத்தது: அங்கிருந்து டவுன்டவுன் ரயில் தடத்தில் ரோச்சோர், பூகிஸ் கடந்து மூன்றாவது நிலையமான புரொமனாடில் இறங்கினால், வண்டி மாறாமலே பந்தயத் திடலின் அருகே வந்துவிடலாம். இருக்கையைப் பொறுத்தவரை, முதல் வளைவை வலியுறுத்தியவர் சொன்னதே சரி. நேர்பாதையின் முடிவில் எல்லாக் கார்களும் ஒருசேர வேகம் குறைப்பதால், தொடக்கச் சுற்றின் நெருக்கடி முழுவதும் கண்முன்னே நடக்கிறது. பந்தய வார இறுதியில் கச்சேரி நடக்கும் இசை மேடைக்கு அருகிலிருக்கும் படாங் மைதான இருக்கைகள், என் கருத்தில், கச்சேரிக்கு வருபவர்களுக்கே ஏற்றவை. எதிர்பாராதது புழுக்கம்தான்; இரவிலும் அது தணியாததால், மெல்லிய பருத்தி உடை அவசியம்; மழை வந்தால் உதவ, மடக்கி வைக்கக்கூடிய மழைச்சட்டையும் அவசியம்.