வெள்ளை விளிம்பு ஐவியில் முழுப் பச்சைத் தண்டுகள் வருகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி:
மரத்தடியில் புல் பிடிக்காத இடத்தை மூடுவதற்காகக் கிளேசியர் ரக ஐவிக் கொடி நட்டிருக்கிறேன். சாம்பல் கலந்த பச்சையில் வெள்ளை விளிம்போடு அழகாகப் படர்ந்தது. இப்போது நடுவில் சில தண்டுகள் முழுப் பச்சை இலையோடு கிளம்பி மற்றவற்றை மூடுகின்றன. வெயில் விழும் ஓரத்திலோ இலையின் வெள்ளைப் பகுதி மட்டும் கருகுகிறது. நிழல் கூடுதலா, குறைவா? உரம் போடலாமா?

மறுமொழி 1:
நிழல் கூடுதல்தான். மரக்கிளையைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள், வெளிச்சம் வந்தால் வெள்ளை திரும்பிவிடும்.

மறுமொழி 2:
அது மங்கிப்போன இலைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. ஒரு தண்டில் வரும் இலையெல்லாம் முழுப் பச்சை என்றால், அது பழைய பச்சை வடிவத்துக்கே திரும்பிவிட்டது. எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் அதில் வெள்ளை வராது. பச்சையம் அதிகம் இருப்பதால் வேகமாக வளரும். விட்டால் பாத்தி முழுவதும் அதுதான் இருக்கும்.

வெட்டித்தான் ஆக வேண்டும். நுனியை மட்டும் கிள்ளினால் கீழிருந்து மறுபடி பச்சையாகவே துளிர்க்கும். தண்டைக் கையில் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். வெள்ளை விளிம்புள்ள தண்டிலிருந்து அது கிளைக்கும் இடம் தெரியும், அங்கேயே ஒட்ட நறுக்குங்கள். மண்ணைத் தொட்ட கணுக்களில் வேர் இறங்கியிருக்கும், அவற்றையும் பிடுங்கிவிடுங்கள். கையுறை கட்டாயம், ஐவிச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும்.

ஓரத்தில் கருகுவது வெயிலால். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, கடும் வெயிலை அது தாங்காது. காலை வெயிலோ சல்லடை நிழலோ போதும். தழைச்சத்து உரம் இப்போது வேண்டாம், பச்சைத் தண்டுதான் முதலில் கொழுக்கும்.

கேட்டவர்:
நன்றி, இன்றே வெட்டுகிறேன். சில இலைகளில் நீர் கோத்த மாதிரிப் புள்ளியும் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கின்றன. அதுவும் வெயிலா?

மறுமொழி 2:
இல்லை, பாக்டீரியா இலைப்புள்ளி போலத் தெரிகிறது. அந்த இலைகளை அகற்றுங்கள். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.

மறுமொழி 3:
இன்னொன்று, கொடியை மரத்தில் ஏற விடாதீர்கள். ஏறி முதிர்ந்தால் பூத்துக் காய்க்கும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை வெளியே கொண்டுபோய்விடும். இப்படிக் கட்டுக்கடங்காமல் பரவுவதால், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆங்கில ஐவியை (உங்கள் கிளேசியரும் அதன் ரகம்தான்) விற்கவே தடை இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் இடைவெளி விட்டு, தாண்டி வரும் நுனியை அவ்வப்போது வெட்டிக்கொண்டே இருங்கள்.