ஈகன் ஆடிக்கூழ் 2022 (அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள ஈகன் ஊர்க்காரர்களின் குரூப் சாட்)

வியாழன், ஜூலை 21

மீனாட்சி: சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் கூழ். மாவு நாளைக்குக் கரைக்கிறேன். யார் யார்?

பாலா: நாங்கள் நாலு பேர். கருவாடு உண்டா?

மீனாட்சி: உண்டு. பின்வாசலில் வைத்துச் சாப்பிடுங்கள்.

சேகர்: சனிக்கிழமையா? அன்றைக்குத்தான் நம் ஊர்ப் பெண்கள் கால்பந்து டீம் அரோராவின் ஃபைனல், இங்கேயே டிசிஓ ஸ்டேடியத்தில்!

மீனாட்சி: தேதி போட்டு ரெண்டு வாரம் ஆகிறது அண்ணா.

சேகர்: அப்போது ஃபைனலுக்கு வருவோம் என்று யாருக்குத் தெரியும்? சொல்கிறேன் கேள். யுஎஸ்எல் டபிள்யூ என்ற இந்தப் பெண்கள் லீகுக்கு இதுதான் முதல் சீசன், 44 டீம். நம் டீம் முதல் ஆட்டம் கிரீன் பேயோடு டிரா. மற்ற 11 லீக் ஆட்டமும் ஜெயம். இப்போது ஃபைனலுக்கு ஜார்ஜியாவிலிருந்து டோர்மென்டா டீம் வருகிறது.

வித்யா: "நம்" டீம் 😀

சேகர்: ஆமாம், நானும் ஓனர்தான். 3,080 பேர் சேர்ந்து பத்து லட்சம் டாலர் போட்டோம். என் பங்கு 100 டாலர்.

கோமதி: செங்கல்பட்டு பிளாட்டுக்கும் இவர் இப்படித்தான் சொன்னார்.

பாலா: 😂😂 கோமதி அக்கா

சேகர்: அது வேறு.

பாலா: ஆடுகிற பிள்ளைகளுக்குச் சம்பளம்?

சேகர்: பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். காசு வாங்கினால் காலேஜ் டீமில் சிக்கல். காலேஜ் லீவில் ஆட வேண்டும் என்றுதான் மே மாதம் தொடங்கி ஜூலைக்குள் முடிக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆடும் பெரிய பெண்கள் லீகான என்டபிள்யூஎஸ்எல்லுக்குக் கீழே உள்ள லீக் இது.

வித்யா: எங்கள் சின்னவள் அரோரா கோல்கீப்பர் சாரா ஃபுல்லரைப் பார்க்க வேண்டும் என்று ஒரே அழுகை. ஆம்பளைப் பசங்களோடு அமெரிக்கன் ஃபுட்பாலில் கிக் அடித்துப் பாயின்ட் எடுத்தவளாம்.

மீனாட்சி: அப்போது நீயும் வரமாட்டாய்.

வித்யா: அப்படிச் சொல்லவில்லை அக்கா

மீனாட்சி: சரி. பொங்கலுக்கு வாங்கிப்போன பெரிய அண்டா யார் வீட்டில்?

(பதில் இல்லை)

மீனாட்சி: நீலப் புள்ளி வைத்த அண்டா.

பாலா: மதியமே கூழ் வைத்தால் என்ன? அப்புறம் ஆட்டத்துக்குப் போகலாமே.

கோமதி: மதியம் கோயில்.

சேகர்: டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். எத்தனை எடுக்க?

பாலா: 4

வித்யா: 2. அக்கா, கோபமா?

சனி, ஜூலை 23

சேகர்: 1-1. எக்ஸ்ட்ரா டைம். ஆறாயிரம் பேருக்கு மேல்!! காது அடைக்கிறது

சேகர்: போச்சு. 2-1.

வித்யா: சீசன் முழுக்க ஒன்றும் தோற்காமல் வந்து கடைசியில் 😭 இவள் நகம் பூராவும் கடித்துத் துப்பிவிட்டாள்.

கோமதி: ஓனர் பேசவே மாட்டேன் என்கிறார். கார் நான்தான் ஓட்டுகிறேன்.

மீனாட்சி: பாதி கூழ் அப்படியே இருக்கிறது. வருகிறீர்களா?

பாலா: இப்போதா?

மீனாட்சி: நாளைக்கு மோர் விட்டுக் கரைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

வித்யா: நாளைக்கு நீச்சல் கிளாஸ். பார்க்கிறேன்.

சேகர்: சின்ன வெங்காயம் மிச்சம் இருக்கிறதா?

மீனாட்சி: இருக்கிறது. வரும்போது அண்டாவைக் கொண்டு வாருங்கள் அண்ணா. கோமதி சொல்லிவிட்டாள்.